மொட்டு விட்ட பிறகு மாற்றிய விளக்கு

1. ஏசி படுத்தது

செப்டம்பர் மாதத்து ஷார்ஜாவில் ஏசி நின்றுபோனால் மனிதர்கள் வெளியே ஓடிவிடலாம். செடிகளுக்கு அந்த வசதி இல்லை. எங்கள் கிடங்கில் இருந்தவை சாமந்திச் செடிகள். ஜன்னல் இல்லாத அறையில் சோடியம் விளக்கின் கீழ் வளர்ந்து, மொட்டு விட்டு, மஞ்சள் காட்டத் தொடங்கியிருந்தன. சோடியம் விளக்கு வெளிச்சம் தருவதோடு அடுப்பு வேலையும் பார்க்கும். இருந்த இரண்டு ஏசியில் ஒன்று அதைத் தாங்க முடியாமல் படுத்துவிட்டது.

மேனேஜர் கீழக்கரைக்காரர். அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள்; எல்லோருக்கும் அவர் காக்கா, எனக்கும்.

"ராசேந்திரா, நவராத்திரிக்குப் பூ தர்றேன்னு கோயில்காரங்ககிட்ட வாக்குக் கொடுத்துட்டேன். இது கருகிச்சுன்னா நம்ம மொதலாளி அர்பாப் கிடங்கையே மூடிருவாரு. நம்ம ரெண்டு பேர் விசாவும் கலாஸ்."

"ஸ்டோர்ல புது எல்.இ.டி. இருக்கு காக்கா. சூடு கம்மி. ஆனா பூக்கிற நேரத்துல விளக்க மாத்துறதுன்னா..."

"அதுக்குன்னு வேக வச்சுத் தின்னவா போறோம்? மாத்துப்பா, யல்லா."

சாமந்தி நீண்ட இருட்டில்தான் பூக்கும். அந்த இருட்டில் டார்ச் அடித்தாலே கோபித்துக்கொள்ளும். அதனால் விளக்கு எரியும் நேரத்திலேயே வரிசை வரிசையாக மாற்றினோம்.

2. கை மீட்டர்

சோடியம் விளக்கை எவ்வளவு உயரத்தில் தொங்கவிடுவது என்பதற்கு எங்களிடம் ஒரு வழி இருந்தது. செடியின் உச்சியில் புறங்கையை நீட்ட வேண்டும். சுட்டால் விளக்கை ஏற்று, இதமாக இருந்தால் விடு. வெளிச்சம் அளக்கும் மீட்டர் வாங்கித் தரச் சொல்லி நான் கேட்டபோது, "அல்லா உனக்கு ரெண்டு மீட்டர் கொடுத்திருக்கான்" என்று என் கைகளைக் காட்டியவர் காக்கா.

புது விளக்கின் கீழும் கையை நீட்டினார். "என்னப்பா, சூடே காணோம்? எறக்கு."

இறக்கினேன். பாகிஸ்தானி எலெக்ட்ரீஷியன் குல்ஜாரும் கையை நீட்டினான். "கரம் நஹி ஹை பாய்." அவனுக்கும் சூடு தெரியவில்லை. இன்னும் இறக்கினேன். கடைசியில் நானும் நீட்டிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. மூன்று பேருமாகச் சேர்ந்து விளக்கை மொட்டுகளின் தலையில் உட்கார வைத்தோம்.

சில நாளில் உச்சி இலைகள் வெளுத்துச் சுருண்டன. மொட்டின் நுனிகள் சுண்ணாம்பு தடவியதுபோல் ஆயின.

3. தேடக் கூடாத செடி

"போன்ல தேடிப் பாரேன், நீதான் புஸ்தகம் படிக்கிறவனாச்சே" என்றார் காக்கா.

பூக்கும் நடுவில் விளக்கை மாற்றினால் என்ன ஆகும் என்று தேடினேன். பக்கம் பக்கமாக விடைகள் வந்தன. அன்பான மனிதர்கள், படத்தோடு விளக்கியிருந்தார்கள். ஒரே சிக்கல், அத்தனை பேரும் வேறு நாடுகளில் வீட்டுக்குள் கஞ்சா வளர்ப்பவர்கள். முதல் படத்தைப் பார்த்ததுமே போனைக் கவிழ்த்து வைத்தேன்.

"என்னப்பா சொல்றான்?"

"அவன் நம்மள ஜெயிலுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்றான் காக்கா."

காக்கா படத்தைப் பார்த்தார். "அஸ்தக்ஃபிருல்லா! அமத்து, அமத்து!"

வேறு வழியில்லாமல், முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன். செடிகளைப் பார்த்தேன். விளக்குக்கு நேர் கீழே இருந்தவை வெளுத்திருந்தன. ஓரத்தில், வெளிச்சம் சாய்வாக விழும் இடத்தில் இருந்தவை பச்சைப் பசேலென்று நின்றன. நோய் என்றால் ஓரத்தை மட்டும் விட்டுவைக்குமா? தண்ணீரும் உரமும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். மிஞ்சியது வெளிச்சம்.

"கை சூட்டத்தான் சொல்லுது காக்கா, வெளிச்சத்தச் சொல்லல. இதுல சூடு இல்லாமலே வெளிச்சம் கொட்டுது."

காக்கா தன் புறங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஏமாற்றிய கூட்டாளியைப் பார்ப்பதுபோல. "சரி, ஏத்து."

விளக்குகளைக் கை எட்டாத உயரத்துக்கு ஏற்றி, வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்தோம். வெளுத்த இலைகள் தேறவில்லை. ஆனால் வெளுப்பு அதற்குமேல் பரவவில்லை. பிறகு ஒரு காலை குல்ஜார் அறைக்குள்ளிருந்து கத்தினான். தீ என்று நினைத்து ஓடினேன். பூ. அறை முழுக்க மஞ்சள்.

முன்வரிசையில் சில பூக்களுக்கு மட்டும் நுனி வெள்ளை. அவற்றை ஒதுக்கச் சொல்லி குல்ஜாரிடம் கூடையை நீட்டினேன். வாங்க வந்த கோயில்காரர், "இது என்ன ரகம் சார், புதுசா இருக்கே? இதுவே இன்னும் கொஞ்சம் குடுங்க" என்றார். காக்கா என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் இருவரும் சிரித்திருப்போம்.

கிடங்கு திறந்தே இருக்கிறது. விசாவும் புதுப்பித்தாகிவிட்டது. மீட்டர் வந்துவிட்டது. இருந்தும் காக்கா விளக்கின் கீழே போகும்போதெல்லாம் கையை நீட்டுகிறார், நினைவு வந்து சட்டென்று பைக்குள் விடுகிறார்.

இந்த வேலைக்கு வரும் தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான். விளக்கை மாற்றினால், அளக்கும் வழியையும் மாற்றுங்கள். போனில் தேடும் முன் செடியைப் பாருங்கள். என் போன் இன்னமும், வீட்டுக்குள் அந்தச் செடி வளர்க்கக் கூடாரம் வேண்டுமா என்று என்னை விசாரித்துக்கொண்டிருக்கிறது.