மழை வாடை

மாடியில் செடிகளுக்காகக் கம்போஸ்ட் டீ ஊறுகிறது. மக்கிய உரமும் கருப்பட்டியும் கலந்த வாளியில் மீன்தொட்டி மோட்டார் நேற்றிலிருந்து குமிழி விடுகிறது. மண் வாசனை வந்தால் நுண்ணுயிர்கள் பெருகிவிட்டன என்று அர்த்தம்.

குனிந்து முகர்ந்தேன். அப்பாவின் சட்டை வாடை.

சாரல் காலத்தில் அப்பா குற்றாலத்திலிருந்து நனைந்து வருவார். சட்டையில் ஈரமண்ணும் இனிப்பும் லேசான புளிப்புமாக இதே வாடை. "என்னம்மா வாடை?" என்று கேட்டால், அம்மா சட்டையை வாளியில் முக்கிக்கொண்டே, "மலையில பெய்யுத மழை அப்படித்தான் மணக்கும்" என்பாள். மேலகரத்தில் எங்கள் தெருவில் பெய்த மழை ஒருநாளும் அப்படி மணந்ததில்லை.

கணவர் மேலே வந்து மூக்கைச் சுளித்தார். "ஏட்டி, சாராய ஊறல் வாடைல்லா அடிக்குது. கெட்டுப்போச்சு, கீழ ஊத்திரு."

"மழை வாடைதான்" என்றேன். அம்மா தெரிந்துதான் சொன்னாளா? மோட்டாரை நிறுத்தப் போன கை அங்கேயே நின்றது.