ஊர்ப் பேரை மட்டும் எழுதாதீக

பிச்சை கேட்பவருக்கும் நன்கொடை கேட்பவருக்கும் ஒரே வித்தியாசம்தான்: நன்கொடை கேட்பவர் மூன்று பிரதி எடுத்தாக வேண்டும். ரசீதுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என்றைக்காவது நாலு கடை ஏறி இறங்கியவர் நீங்கள் என்றால், இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

அறுபதுகளின் கடைசியில் அருப்புக்கோட்டையில் ஒரு சிறிய தர்ம சங்கத்துக்கு எழுத்தராக இருந்தேன். எழுதுவது, டைப் அடிப்பது, வசூலுக்குப் போவது, சங்கத்துச் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுவது எல்லாமே எழுத்தர் வேலைதான். சங்கம் நடத்தியது ஒரே ஒரு பிரசவ விடுதி. திருச்சுழிக்குப் பக்கத்தில் பருத்தி மூட்டை அடுக்குகிற ஒரு கிட்டங்கி, அதற்குள் நாலு கட்டில், ஒரு கமலம் நர்ஸம்மா. சுற்றியுள்ள கரிசல் ஊர்களிலிருந்து வண்டி கட்டி அங்கேதான் வருவார்கள்.

கிட்டங்கிக்காரர் நல்ல மனிதர். ஒரு நாளும் வாடகை வாங்கியதில்லை. ஆனால் அவர் மகன் தனியாகப் பருத்தி வியாபாரம் தொடங்கியதும், வருகிற மாசிக்குள் இடத்தை ஒழித்துத் தரும்படி சொல்லிவிட்டார். அதற்குள் சொந்தமாக ஒரு கட்டடம் எழும்ப வேண்டும். இல்லையென்றால் பிள்ளைத்தாய்ச்சிகள் பழையபடி டவுன் ஆஸ்பத்திரி வரைக்கும் வண்டியிலேயே குலுங்கிக்கொண்டு போக வேண்டும். அப்படிப் போய் வழியிலேயே முடிந்துபோனவர்களை எங்களுக்குத் தெரியும்.

போணிக்கு முன்னால்

நல்ல காரியத்தைக் காலையில் தொடங்க வேண்டும் என்று, குளித்து நீறு பூசி, முதல் ஆளாக ஒரு நூல் கடைக்குப் போனேன். கடை அண்ணாச்சிதான் பஜாரில் மகமைக்குப் பொறுப்பு. மகமை என்றால், வியாபாரத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று கடைக்காரர்கள் பொதுக் காரியத்துக்காக எடுத்து வைப்பது. ரசீதுப் புத்தகத்தைக் கல்லாவின் மேல் வைத்து, மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஒப்பித்தேன். அண்ணாச்சி புத்தகத்தை ஒரு விரலால் மெல்ல ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, பொழுது சாய வரச் சொன்னார்.

சாயங்காலம் போனபோது கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். மகமைப் பணம் கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும்தான் என்றும், வேறு எதற்குக் கொடுப்பதானாலும் கூட்டத்தில் வைக்க வேண்டும் என்றும், போன கூட்டத்தில் வைத்ததே இன்னும் முடியவில்லை என்றும் பொறுமையாக விளக்கினார். நான் எழுந்தபோது, விட்டால் மறுபடியும் காலையில் வந்துவிடுவேன் என்று பயந்தோ என்னவோ, வாசல் வரைக்கும் கூடவே வந்தார்.

"முதல் போணி ஆகுமுன்னே நன்கொடைன்னு புத்தகத்தை நீட்டுனீக பாருங்க, இன்னைக்கு முழுக்க ஒரு கட்டு நூல் போகல தம்பி. கூட்டத்துல இதைச் சொல்லாம இருக்கேன்ல, அதையே என் நன்கொடையா வச்சுக்கிடுங்க."

நாலாவது கேள்வி

உள்ளூரில் இப்படி ஆனதும் வெளிநாட்டுக்கு எழுதத் துணிந்தேன். ஓர் அயல்நாட்டு அறக்கட்டளைக்கு மெட்ராஸில் அலுவலகம் இருந்தது. விண்ணப்பத்தாள் வந்தது. அதில் நாலாவது கேள்வி, இந்த மக்களின் கஷ்டம் என்ன என்பது. என் இங்கிலீஷைப் பற்றி எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனம் உண்டு. கஷ்டத்தை எழுதச் சொன்னால் விடுவேனா? விவரம் சேகரிக்கச் சைக்கிளை எடுத்துக்கொண்டு, திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் நடுவில் ஓர் ஊருக்குப் போனேன். ஊர்ப் பெயரைக் கடைசியில் சொல்கிறேன்.

அந்த ஊரில் சீனிச்சாமி பெரிய சம்சாரி; விவசாயியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். பருத்தியும் கம்பும் விளைகிற கரிசல் நிலம், மூன்று ஆண் பிள்ளைகள். மூத்த மருமகளுக்குத் தலைப்பிரசவம் தாய்வீட்டில் நல்லபடியாக முடிந்ததாம். இரண்டாவது பிரசவம் இங்கே. ஐப்பசி மழையில் வண்டிச் சக்கரம் கரிசலில் புதைந்து, மாட்டை அவிழ்த்து, ஆள் கூட்டிவந்து தூக்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவரே சொன்னார். சொல்லும்போது தோளில் கிடந்த துண்டை எடுத்து மடிப்பதும் உதறுவதுமாக இருந்தார்.

அதை அப்படியே எழுதினேன். அனுப்புவதற்கு முன் ஊர் கூடுகிற மந்தையில் வைத்துத் தமிழில் வாசித்தும் காட்டினேன். எழுதியவன் என்ற பெருமையில், கேட்பவர்களின் முகத்தை நான் பார்க்கவில்லை. வாசித்து முடித்ததும் சீனிச்சாமி என்னைத் தனியே வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போனார்.

"எல்லாம் உள்ளதுதான். ஊர்ப் பேரை மட்டும் எழுதாதீக தம்பி. இப்படிச் சாகுற ஊருன்னு தெரிஞ்சா, எம் மகனுக்கு இன்னொரு பொண்ணு எவன் குடுப்பான்?"

மெட்ராஸ்காரர் வந்த நாள்

அன்றைக்கு எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. செத்தவளைவிட வரப்போகிறவள் பெரிதா என்று சைக்கிள் மிதிக்கிற தூரமெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். ஆனாலும் வாக்குக் கொடுத்தாகிவிட்டது. 'நரிக்குடிப் பக்கம் ஒரு கிராமம்' என்று மட்டும் எழுதினேன். மெட்ராஸ் அலுவலகத்துக்கு அது சந்தேகத்தைக் கிளப்பியதோ என்னவோ, நேரில் பார்க்க ஆள் வருவதாகக் கடிதம் வந்தது.

பெரிய இடத்திலிருந்து ஒருவர் வருகிறார், எல்லோரும் இருக்க வேண்டும் என்று ஊருக்குச் சொல்லி அனுப்பினேன். சொல்லி அனுப்பியதுதான் தப்பு. போய்ப் பார்த்தால் சுவருக்கெல்லாம் புதுச் சுண்ணாம்பு. மந்தையில் ஜமக்காளம். பெண்கள் அத்தனை பேரும் கல்யாணப் புடவையில். யார் யார் வீட்டுச் சங்கிலியோ யார் யார் கழுத்திலோ. மூன்று வீட்டுப் பித்தளைப் பாத்திரங்களை ஒரே வீட்டில் துலக்கி அடுக்கியிருந்தார்கள். கிடா வெட்டிச் சாப்பாடு.

மெட்ராஸ்காரர் நன்றாகச் சாப்பிட்டார். என் விண்ணப்பத்தைப் பார்த்தார், புடவைகளைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். இதைவிடக் கஷ்டப்படுகிற ஊர்கள் எத்தனையோ இருப்பதாக நயமாகச் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். கார் போன பிறகு எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இருக்கிறபடி இருந்திருக்கக் கூடாதா என்று சீனிச்சாமியிடம் கேட்டே விட்டேன்.

"நம்மள மதிச்சு அம்புட்டுத் தூரத்துல இருந்து வாராக. அவுக முன்னால பொம்பளைகளைக் கிழிசலோட கொண்டாந்து நிறுத்தச் சொல்றீகளா?"

நர்ஸம்மா கேட்ட கேள்வி

மறுப்புக் கடிதம் ஆடியில் வந்தது. இரண்டே வரி. கிட்டங்கிக்குப் போய் நர்ஸம்மாவிடம் வாசித்தேன். கத்தரிக்கோலை வெந்நீரில் போட்டுக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்காமல், என் கல்யாணத்துக்கு எத்தனை பேரிடம் ரசீது கிழித்தேன் என்று கேட்டார். கல்யாணத்துக்கு யாராவது ரசீது கிழிப்பார்களா, பத்திரிகை வைத்தேன், மொய் செய்தார்கள் என்றேன்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. இந்த அம்மாள் இந்த வட்டாரத்தில் பிள்ளை எடுக்காத ஊர் இல்லை. எடுத்த பிள்ளைகளின் காதுகுத்துக்கெல்லாம் பத்திரிகை வரும். இவரும் பஸ் பிடித்துப் போய், ஒரு சட்டைத் துணியாவது வைத்துவிட்டு வருவார். ஆனால் தனி ஆள். அவர்கள் திருப்பிச் செய்ய இவர் வீட்டில் ஒரு விசேஷம் நடந்ததே இல்லை. விசேஷத்தில் வாங்கிய மொய், சீர் என்கிற செய்முறையைத் திருப்பாமல் இருப்பது எங்கள் பக்கத்தில் எவ்வளவு பெரிய உறுத்தல் என்று உங்களுக்கும் தெரியும். இது தெரியாமல் நான் இத்தனை மாசமாகக் கடல் தாண்டிக் கெஞ்சிக்கொண்டிருந்தேன். இருந்தாலும் விடாமல், கட்டடத்துக்கு இடமே இல்லையே என்றேன்.

"எனக்குக் கல்யாணமும் இல்ல, காதுகுத்தும் இல்ல. இதுதான் சார் என் வீட்டு விசேஷம். என் பேருல பத்திரிகை அடிங்க. மொதல்ல ஆளுக வரட்டும், இடம் பின்னால வரும்."

கேட்காமல் வந்த ஓடு

ஆவணியில் கிட்டங்கி வாசலில் பந்தல் போட்டோம். கல்யாணப் பத்திரிகை மாதிரியே மூலையில் மஞ்சள் தடவி, நானே ஊர் ஊராகவும் பஜாரிலும் கொடுத்திருந்தேன். விண்ணப்பத்தை நீட்டும்போது குனிகிற முதுகு, பத்திரிகையை நீட்டும்போது நிமிர்ந்துவிடுகிறது. விடிந்ததிலிருந்து கூட்டம். மொய் எழுத உட்கார்ந்தவன் சாப்பிட எழுந்திருக்கவில்லை. காசு இல்லாதவர்கள் கூரைக்கு ஆகிற பனங்கை கொண்டுவந்து இறக்கினார்கள். ஒருவர் வண்டி நிறையக் கல்லோடு வந்தார். அவருடைய மூன்று பிள்ளைகளும் நர்ஸம்மா எடுத்தவை.

மதியத்துக்கு மேல் ஒரு லோடு ஓடு வந்து நின்றது. பின்னாலேயே நூல் கடை அண்ணாச்சி. போணி முடித்துவிட்டுத்தான் வந்திருப்பார். அவருக்கு இங்கே எந்தச் செய்முறைப் பாக்கியும் கிடையாது. மகமைக் கூட்டம் ஒத்துக்கொண்டதா என்று தயக்கத்தோடு கேட்டேன்.

"நன்கொடைன்னா கூட்டத்துல வைக்கணும். பத்திரிகை வந்துட்டா நான் யாரைத் தம்பி கேக்கணும்?"

பலகை

சீனிச்சாமியைக் காணவில்லை. அன்றைக்கு நான் கேட்ட கேள்வியில் மனம் நொந்துவிட்டாரோ என்று எனக்கு உள்ளுக்குள் குத்திக்கொண்டே இருந்தது. பந்தல் காலியாகிற நேரத்தில் வந்தார். கூட மூத்த மகனும், எம்.ரெட்டியபட்டிப் பக்கத்திலிருந்து புதிதாகச் சம்பந்தம் பேசிய பெண்ணின் தகப்பனாரும். முதல் மருமகள் செத்த விதம் அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. ஒளித்துவிட்டதாக நாங்கள்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். பெண்ணின் தகப்பனார் ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம். தலைப்பிரசவம் நாங்கள் பார்த்துக்கொள்வோம், அதற்கு அடுத்தது உங்கள் ஊரில்தானே, அங்கே எந்த இடத்தில் என்று.

சீனிச்சாமி ஊர் திரும்பி, இரண்டு நாள் தன் நிலத்தையே சுற்றிச் சுற்றி நடந்தாராம். மூன்றாம் நாள், பஸ் நிற்கிற இடத்தை ஒட்டிய தன் புஞ்சையில் விடுதிக்கு வேண்டிய மட்டும் அளந்து கல் ஊன்றிவிட்டார். அதைச் சொல்லத்தான் வந்திருந்தார். நர்ஸம்மா கை கூப்பினார். அந்த மனிதரை நான் திட்டிய திட்டெல்லாம் நினைவுக்கு வந்து, தலையைக் குனிந்துகொண்டேன். போகும்போது என் பக்கம் திரும்பினார்.

"ஊர்ப் பேரைப் பெருசா எழுதிப் பலகை வையுங்க தம்பி. பஸ்ஸுல போற வாரவுகளுக்கெல்லாம் தெரியணும். எனக்கு இன்னும் ரெண்டு பயலுக்குப் பொண்ணு பாக்கணும்."

மாசிக்கு முன்பே கட்டில்கள் இடம் மாறின. பலகையில் எழுதியது நான்தான்: கொடிவேலங்குளம் பிரசவ விடுதி. சீனிச்சாமியின் மற்ற இரண்டு பயல்களுக்கும் பெண் அமைந்தது. அந்தத் தொழிலில் இருந்த காலமெல்லாம் எத்தனையோ பக்கம் எழுதினாலும், கேட்டது கிடைத்தது என்னவோ மூன்று பிரதி எடுக்காத அந்த ஒரு ஊர்ப் பெயருக்குத்தான்.