டிவிக்குக் கல்யாணம் பண்ணிவைத்த ஷாகிரா

ஷாகிரா போய்விட்டாள். இன்று காலை. ஒரு வருடமாகச் சிறுநீரகத்துக்குச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது...

தி. நகரில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில் எங்கள் சின்ன ஆபீஸ். ஆறு வருடம் பக்கத்துப் பக்கத்து சீட். ராயப்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் வருவாள். முதலில் என் டிபன் பாக்ஸைத் திறந்து பார்ப்பாள், பிறகுதான் குட் மார்னிங்.

கல்யாண மண்டபங்களுக்கு ஒரு பெட்டி செய்துகொண்டிருந்தோம். மேடையில் நடப்பதை அப்படியே டைனிங் ஹால் டிவியில் காட்ட வேண்டும். மலிவான பெட்டி. மெமரியும் குறைவு, வேகமும் குறைவு.

தினமும் சண்டை. வருகிற படங்களை மெமரியில் நிறையச் சேர்த்துவைத்தால் தடங்கலில்லாமல் ஓடும் என்பேன் நான். எதையும் சேர்க்காதே, ஒவ்வொன்றையும் அப்போதைக்கப்போது புதிதாகப் போடு என்பாள் அவள்.

அவள் வழியில் படம் திக்கித் திக்கி ஓடியது. என் வழியில்... அடையாறு மண்டபம் ஒன்றில் மெமரி நிரம்பி, பெட்டி நின்றேபோனது. சரியாக மாப்பிள்ளை கொட்டாவி விட்ட நேரம். இருபது நிமிடம் டிவியில் அந்தத் திறந்த வாய்தான்.

இன்னொரு முறை நின்றால் பெட்டியைக் கழற்றிவிடுவேன் என்றார் மண்டப மேனேஜர். அப்படி நடந்தால் இந்த வேலையையே மூடிவிடலாம் என்றார் எங்கள் ஓனர்.

ஷாகிரா அந்தக் கொட்டாவியைத் திரும்பத் திரும்பப் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று சிரிப்பு நின்றது.

"ஏன்டி, மேடை எங்கனா போவுதா? பூ, தூணு எல்லாம் அப்படியேதான கீது? அத ஒரு தபா மெமரில வெச்சிக்கலாம். அசையுற ஆளுங்கள மட்டும் புதுசா போடலாம்."

மூன்றே நாள். புரோகிராமை எழுதி முடித்தோம்.

அடுத்த முகூர்த்தம், அதே மண்டபம். டைனிங் ஹாலில் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கெட்டிமேளம்... டிவியில் தாலி ஏறுகிறது, படம் ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை.

பந்திக்குக் காத்திருந்த ஒரு மாமி, கையிலிருந்த அட்சதையை டிவி மேல் போட்டார். அவரைப் பார்த்து இன்னும் பத்துப் பேர். சாம்பார் வாளியெல்லாம் அரிசி.

"டிவிக்கே கல்யாணம் பண்ணி வெச்சிட்டாங்கடி" என்றாள் ஷாகிரா. சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மேனேஜர் எங்கள் இரண்டு பேருக்கும் இலை போடச் சொன்னார்.

இன்று மத்தியானம் அவள் வீட்டில், அவள் அம்மாவிடம் இதைச் சொன்னேன். அழுதுகொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தபா சொல்லும்மா" என்றார்.

சொன்னேன்.

போய் வா, ஷாகிரா...