குங்குமச் சிமிழோடு போகமாட்டேன் என்றாள்

சில வருடங்களுக்கு முன், நவராத்திரி சமயம். திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில், கோவிலை ஒட்டிய தெருவில் எங்கள் வீடு. பழைய செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்த கொலு பொம்மைகளை நானும் ஏழாம் வகுப்புப் படித்த என் பெண்ணும் பிரித்துக்கொண்டிருந்தோம்.

வீடு வீடாகப் போய்க் குங்குமம் கொடுத்துக் கொலுவுக்கு அழைப்பது வருடா வருடம் அவள் வேலை. பட்டுப் பாவாடையைக் கட்டிவிட்டால் அவளைப் பிடிக்கவே முடியாது. அந்த வருடம், "நான் போகலம்மா" என்றாள். சோம்பேறித்தனம் என்று நன்றாகத் திட்டினேன். பதிலுக்கு மல்லுக்கு நிற்கிறவள், துடைத்த பொம்மையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதுதான் எனக்கு உறைத்தது.

நானும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். தலை நிமிராமல் மலையாளத்தில் ஆரம்பித்தாள். என்னிடம் எப்போதும் தமிழ்தான். மலையாளமெல்லாம் பள்ளிக்கூடத்தோடு சரி.

"அம்மா, ஞான் ஒரு வீடியோ கண்டுபோயி" என்றாள், தெரியாமல் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டேன் என்று.

தோழிகளின் வாட்ஸ்அப் குழுவுக்கு யாரோ அனுப்பிய லிங்க். பாட்டு என்று நினைத்து அழுத்தியிருக்கிறாள். ஒரு பெண்ணைக் கொடுமைப்படுத்தும் ஆபாசக் காட்சி. உடனே மூடிவிட்டாளாம். ஆனால் படுத்தால் அதுவே கண்ணுக்குள் வருகிறதாம். தன் முகத்தைப் பார்த்தாலே தெருவில் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று பயம். அதனால்தான் யார் வீட்டுக்கும் போகமாட்டேன் என்றிருக்கிறாள்.

செல்போனைப் பிடுங்கித் தெருவில் வீசலாமா என்று எனக்கு வந்தது. அடக்கிக்கொண்டேன். சாப்பாடு, படிப்பு, கோவில், கல்யாணம் எல்லாம் எங்கள் வீட்டுத் தமிழில் பேசியாகிவிட்டது. இதைப் பற்றி மட்டும் அவளிடம் ஒரு வார்த்தைகூட நான் பேசியதில்லை. பாவம், இதைச் சொல்ல அவள் தமிழுக்கு எங்கே போவாள்?

"என்டெ தெற்றாணோ?" என்றாள், தன்மேல்தான் தப்போ என்று.

"உம்மேல ஒரு தப்பும் இல்லடி கண்ணா. அனுப்பினவா மேலதான் தப்பு. எங்கிட்ட சொன்னியே, அது போறும்."

அப்புறம்தான் அவளுக்கு அழுகையே வந்தது.

மறுநாள் வகுப்பு ஆசிரியையிடம் சொன்னேன். அந்தக் குழுவில் இருந்த மற்ற பெண்களின் அம்மாக்களிடமும் பேசினேன். அவர்கள் வீடுகளிலும் சில பெண்கள் இதேபோல் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார்கள்.

கொலு வைத்து இரண்டு மூன்று நாள் கழித்து, அவளே குங்குமச் சிமிழோடு வாசலில் நின்று, "நீயும் கூட வா" என்றாள். முதல் சில வீடுகளில் என் கையை விடவே இல்லை. தெருக்கோடி வருவதற்குள் எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள்.

இன்றும் சங்கடமான விஷயம் என்றால் மலையாளத்தில்தான் ஆரம்பிக்கிறாள். எந்தப் பாஷையில் ஆனால் என்ன, என்னிடம் வருகிறாளே என்று, கையில் இருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.