பிரேக்கை விட்ட கிரேன்

சைட்டில் எல்லோருக்கும் அவர் மேலண்ணன். "மேல இருக்கிற அண்ணன்" என்று யாரோ வாக்கி டாக்கியில் சொல்லப்போக, அதுவே சுருங்கி ஒட்டிக்கொண்டது. பத்தொன்பது வருடமாக டவர் கிரேன் ஓட்டுகிறார். தரையிலிருந்து ஐம்பது மீட்டர் உயரத்தில், ஒரே ஆள் உட்காரக்கூடிய கண்ணாடிக் கூண்டுதான் அவர் ஆபீஸ். "அவ்வளவு உசரம் ஏணி ஏறுற மனுஷனுக்கு, பரண்ல இருந்து ஒரு பெட்டியை எடுக்கச் சொன்னா மட்டும் முழங்கால் வலி வந்துடும்" என்பாள் மனைவி.

அந்தப் பத்தொன்பது வருடத்தில் அவர் கிரேனால் யாருக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. அதை அவராகச் சொல்லிக்கொள்ள மாட்டார். யாராவது சொன்னால் மறுக்கவும் மாட்டார்.

அன்று பிற்பகல் மூன்றரை மணி. ஒன்பதாவது தளத்துக்குக் கிரேன் வாளியில் காங்கிரீட் போய்க்கொண்டிருந்தது. கீழே வெயில் சுள்ளென்று அடித்தது. கூண்டிலிருந்த அவருக்கு மட்டும் மேற்கே வேறு சங்கதி தெரிந்தது. மை கொட்டியது போல ஒரு மேகம், சுருட்டிய பாயாக உருண்டு வந்துகொண்டிருந்தது. அதன் கீழே புழுதிச் சுவர். நெடுஞ்சாலை ஓரத்து மரங்கள் வரிசையாகத் தலை சாய்த்தன. காற்றின் வேகம் காட்டும் மீட்டர் மணிக்குப் பதினைந்து கிலோமீட்டரிலிருந்து இரண்டே நிமிஷத்தில் நாற்பதுக்கு ஏறியது.

வேலையை நிறுத்துகிறேன், மேல்தளத்து ஆட்களை இறக்குங்கள் என்றார் வாக்கி டாக்கியில். இன்ஜினியர் வயதில் சின்னவர். இன்னும் நாலு வாளிதான் பாக்கி, பாதியில் விட்டால் தளம் பாழ் என்றார்.

"தளத்தை உடைச்சுட்டுத் திரும்பப் போட்டுக்கலாம் சார். ஆளைத் திரும்பக் கொண்டுவர முடியாது. நான் இறங்குறேன்."

சொன்ன பிறகுதான் அந்த யோசனை வந்தது. மேகம் போக்குக் காட்டிவிட்டுப் போனால் நாளைக்கு வேலை இருக்குமோ இருக்காதோ. கை மட்டும் தன் பாட்டில் இயங்கியது. வாளியைத் தரையில் இறக்கினார், கொக்கியை மேலே ஏற்றினார், கடைசியாகக் கிரேனின் நீளக்கை திரும்பாமல் பிடித்திருக்கும் பிரேக்கை விடுவித்தார். புதிதாகப் பார்ப்பவர்கள் இதில்தான் குழம்புவார்கள். பிடித்து நிறுத்தினால் கிரேன் அத்தனை காற்றையும் நெஞ்சில் வாங்கிச் சாயும். விட்டுவிட்டால் காற்றின் போக்கில் திரும்பிப் பிழைத்துக்கொள்ளும்.

அவர் தரையைத் தொட்டபோது முதல் இடி இடித்தது. ஆட்கள் எல்லோரும் தகரக் கொட்டகைக்குள் நெருக்கியடித்து நின்றார்கள்.

"மழைக்கு இது போதாதா அண்ணே?" என்றார் மேஸ்திரி.

"மழைக்குப் போதும். வர்றது காத்து. தகரம் பிச்சுக்கிட்டா கத்தி மாதிரி பறக்கும். எல்லாரும் கட்டடத்துக்குள்ள வாங்க."

சாரத்துப் பக்கம் போகாமல் சுற்றி அழைத்துப்போனார். கீழ்த்தளத்து மாடிப்படி அறைக்கு நாலு பக்கமும் காங்கிரீட் சுவர், ஜன்னலே கிடையாது. வாசலில் நின்று தலை எண்ணினார். முப்பத்தேழு இருக்க வேண்டிய இடத்தில் முப்பத்தாறு. கலவை மெஷினைத் தார்ப்பாய் போட்டு மூடப்போன சித்தாள் அக்காவைக் காணவில்லை. ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்துவந்தார். தார்ப்பாய் அவர்களுக்கு முன்னால் பறந்துபோனது. கடைசியாக, அந்த எண்ணிக்கையில் சேராத இன்ஜினியரும் மூச்சிரைக்க உள்ளே நுழைந்தார்.

பதினோரு நிமிஷம். வெளியே மலை உருள்வது போலச் சத்தம். காற்று அடங்கியதும் சிலர் எட்டிப் பார்க்கக் கிளம்பினார்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகாமல் ஒருவரையும் அவர் விடவில்லை. அறுந்து கிடக்கும் கம்பி எதையும் தொடாதீர்கள் என்று சொல்லித்தான் அனுப்பினார்.

கொட்டகை இருந்த இடத்தில் நாலு கால்கள் நின்றன. ஒரு தகரம் எதிர்ச் சுவரில் குத்திக்கொண்டு நின்றது. சாரம் பாதி சரிந்திருந்தது. கிரேன் மட்டும் நீளக்கையைக் கிழக்கே திருப்பிக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல நின்றது. மேஸ்திரி அந்தத் தகரத்தைப் பார்த்தார், மேலண்ணனைப் பார்த்தார், அவர் தோளில் கை வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை இன்ஜினியர் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"நேத்து நான் நாலு வாளி கேட்டேன், அண்ணன் தரலை. அதனாலதான் இன்னைக்கு நாம எல்லாரும் இங்க நிக்கிறோம். இனிமே காத்தைப் பத்தி அவர் சொல்றதுதான் கடைசிப் பேச்சு."

மேலண்ணனுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. கையுறையைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டார்.

அன்று சாயங்காலம் அவர் வீடு திரும்பும் முன்பே, முந்தின ராத்திரி அவர் சொல்லாமல் விட்ட எல்லாவற்றையும் சித்தாள் அக்கா மனைவியிடம் போனில் சொல்லியிருந்தாள். மனைவி அவர் தட்டில் ஒரு கரண்டி சோறு கூடுதலாக வைத்தாள், அவ்வளவுதான். பிறகு பின்கட்டில் நின்று தங்கைக்குப் போன் போட்டாள். "முப்பத்தேழு பேருடி. ஆமா, எங்க வீட்டுக்காரர்தான். வேற யாரு?" தங்கை இருப்பது நூறு மைலுக்கு அப்பால். அந்தக் குரலுக்குப் போனே தேவைப்பட்டிருக்காது.