ஏசுபாதத்தின் ஏர்பிளாஸ்ட்

ஏசுபாதம் என்ற பெயரை ஐடா முதன்முதலில் கேட்டது அவளுக்கு வரன் பேசியபோதுதான். அவள் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் டைட்டஸ் மாமா சொன்னார்: "ஏசுபாதம் ஊடா? யோசிக்காம பொண்ணு குடு. பாறை முனகுறதுகூட அவனுக்குக் கேக்கும். அவன் வெளிய வான்னா ஷிப்டே வெளிய வரும்."

சுரங்கத்தின் அடியில் பாறை வெடித்துச் சரிவதைக் கோலார் தங்கவயலில் ஏர்பிளாஸ்ட் என்பார்கள். மேலே வீட்டு அலமாரியில் பாத்திரம் கலகலத்தால் போதும், பெண்கள் அடுப்பை அப்படியே விட்டு ஆட்கள் இறங்கி ஏறும் ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவார்கள். சுரங்கம் மூடி எத்தனையோ வருஷமாயிற்று. ஆனால் போன ஈஸ்டருக்கு முந்திய லெந்து நாட்களில் ஒரு மத்தியானம், தங்கவயலின் கோரமண்டல் பகுதியில் தன் வீட்டில் படுத்திருந்த ஏசுபாதம் கட்டிலைப் பிடித்தபடி மருமகள் ஐடாவைக் கூப்பிட்டார்.

"ஏர்பிளாஸ்ட்டும்மா. கொயந்தைய எடுத்துக்கினு வெளிய போ."

போனாள். அவர் சொல்லிப் போகாமல் இருக்க முடியுமா? தெருவில் பக்கத்து வீட்டுப் பார்வதம்மா மட்டும் வடகம் காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா ஐடா, இந்த வெயில்ல கொயந்தையோட நிக்கற?"

மறுநாளும் அதே கதை. அதற்கடுத்த நாளும். வீட்டுக்கு அடியில் நிலம் உள்வாங்குகிறது, பிள்ளை இனி இங்கே தூங்கக் கூடாது என்று ஒரே பிடியாக நின்றார் மனுஷன். தினமும் ரயிலில் பெங்களூர் போய்வரும் மகன் ஆஸ்டினுக்குப் பொறுமை போய்விட்டது.

"டாடிக்கு மூளை கொயம்பிட்ச்சி. பெங்களூர்ல வயசானவங்களுக்கு ஒரு ஹோம் கீது. விசாரிச்சிட்டேன்."

உள்ளே இருந்தவருக்கு அது கேட்டது. அன்று அவர் தட்டைத் தொடவில்லை.

காலையில் விளிம்பு முட்டக் காபி ஊற்றிக் கட்டிலோரம் ஸ்டூலில் வைத்தாள். புரண்டு எழப் பார்த்தவர் சட்டத்தை இறுக்கிப் பிடித்தார். "வந்துட்ச்சி."

"மாமா, காபியப் பாருங்க. ஒரு சொட்டு சிந்தலியே."

ஆட்டம் அடங்கியபின் பார்த்தார். ஸ்டூல் மேல் ஈரமே இல்லை.

"புரண்டு படுக்கறப்பதான வருது? நிக்கறப்ப வந்திருக்கா?"

"இல்ல." அவர் குரல் இறங்கிப்போனது. "அப்ப ஆஸ்டின் சொல்றதுதான் நெஜமாம்மா?"

ஐடா அவரை அன்றே கிளப்பினாள். ராபர்ட்சன்பேட்டைக்கு, காது மூக்கு பார்க்கிற டாக்டரம்மாவிடம் ஆட்டோவில் கூட்டிப்போனாள். தலைச்சுற்றல் என்றால் அங்கே போ என்று பார்வதம்மாதான் சொல்லியிருந்தாள். டாக்டரம்மா அவரைப் படுக்கவைத்துத் தலையை வலப்பக்கம் திருப்பினார். ஏசுபாதத்தின் கண்மணிகள் துடித்தன.

"ஆடுது, ஆடுது."

"பெட் ஆடலைங்க. காதுக்குள்ள சுண்ணாம்புத் தூள் மாதிரி பொடிக்கல்லு இருக்கும். அது எடம் மாறிட்டா, தலைய திருப்புறப்ப எல்லாம் உருளும். ஊரே சுத்துதுன்னு மூளை ஏமாந்துடும். நீங்க பார்த்த வேலைக்கு, அத ஏர்பிளாஸ்ட்னுதான் நெனைப்பீங்க. ஒங்க புத்திக்கு ஒண்ணும் இல்ல."

தலையை மெதுவாக மறுபக்கம் திருப்பி, ஒருக்களித்துப் படுக்கவைத்து, எழுப்பி உட்காரவைத்தார். கொஞ்சம் பொறுத்து மறுபடி படுக்கச் சொன்னார். ஏசுபாதம் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்தார். ஒன்றும் ஆடவில்லை.

"டன் டன்னா கல்ல ஒடச்சி மேல அனுப்புனேன்," என்றார். "ஒரு கல்லு என் காதுலயே தங்கிட்ச்சா?"

ஐடா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வீடு வந்து சேரும்வரை அவளுக்குச் சிரிப்பு நிற்கவில்லை.

சாயந்திரம் ரயில் இறங்கி வந்த மகனிடம் ஏசுபாதமே பேச்சைத் தொடங்கினார். "அந்த ஹோம்ல ஒரு பெட் சொல்லி வையி. ஒனக்கு வேண்டியிருக்கும்."

ஆஸ்டின் தலையைச் சொறிந்தான்.

அப்புறம் ஒருமுறை அந்த ஆட்டம் வந்தது. டாக்டரம்மா திருப்பிவிட்டதும் போய்விட்டது. ஏசுபாதம் இப்போது கோரமண்டலில் அதே வீட்டில்தான் இருக்கிறார். மத்தியானத்தில் பேரப்பிள்ளை அவர் பக்கத்தில் படுத்துத் தூங்குகிறது.