மணவாளன் மாமா போட்ட ஓட்டை

முப்பது வருஷமாகப் போர்வெல் மோட்டார் இறக்கி ஏற்றிய என் அக்கா வீட்டுக்காரர் மணவாளனுக்கு ஒரே ஒரு பெருமை உண்டு. அவர் ஒட்டிய பைப்பில் சொட்டுத் தண்ணீர் ஒழுகாது. கல்யாணப் பந்தியில்கூட அதைச் சொல்லிவிட்டுத்தான் சாம்பார் ஊற்றிக்கொள்வார். இடுப்பு வலியால் வயலுக்குப் போவது நின்றதும், "உன் கடையில சேத்துக்கடா, சும்மா இருந்தா மனுஷன் ஒடிஞ்சிடுவாரு" என்றாள் அக்கா. எனக்குக் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மீன்தொட்டிக் கடை.

முதல் வேலை சிதம்பரத்தில், பல் டாக்டர் சந்திரலேகாவின் கிளினிக்கில். மேலே நானூறு லிட்டர் தொட்டி. கீழே அலமாரிக்குள் சின்னதாய் ஒரு கண்ணாடி சம்ப். மேலே வழியும் தண்ணீர் சம்ப்புக்கு இறங்கி, அழுக்கு வடிந்து, பம்ப் வழியாக மறுபடி மேலே போகும். மாமா மூன்று முறை குனிந்து பார்த்தார்.

"கீழ எறங்குது, ஏத்துறோம், திரும்ப எறங்குது. யாருக்குத்தான் மச்சான் இந்தத் தண்ணி?"

"மீனுக்கு மாமா."

பம்ப் பெட்டியில் மணிக்கு நாலாயிரம் லிட்டர் என்று போட்டிருந்தது. அஞ்சடி உயரம், ரெண்டு எல்போ வளைவு. மேலே போய்ச் சேருவது பாதிதான், நமக்கு அது போதும் என்றேன்.

"நூத்தம்பது அடி போர்லயே கொட்ட வெச்சிருக்கேன். அஞ்சடிக்கு இதுக்கு மூச்சு வாங்குதா?"

ஆனால் வேலை சுத்தம். நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடித்திருந்தார். தண்ணீர் அழகாகச் சுற்றியது. சோதிக்க சுவிட்சை அணைத்தேன். பம்ப் நின்றது, தண்ணீர் நிற்கவில்லை. சம்ப் பொங்கி, டாக்டரின் புதுத் தரை முழுக்க ஓடியது.

"யாருங்க பைப்பு ஒட்டுனது?" என்றார் டாக்டர்.

மாமா மண்டியிட்டு ஒவ்வொரு ஜாயிண்டாகத் தடவினார். "எங்கியும் ஒழுகலியே மச்சான்... எங்கியும் ஒழுகலியே..."

நான் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். மேலே போகும் பைப்பின் வாயைத் தொட்டியின் அடிவரை இறக்கியிருந்தார். கிணற்றில் பைப் வாய் தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும், காற்று புகுந்தால் மோட்டார் போச்சு; அந்தப் பழக்கம். பம்ப் நின்றதும் அதே பைப் தொட்டித் தண்ணீரை இழுத்துக் கீழே கொட்டிவிட்டது.

"தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் கீழ பைப்புல ஒரு ஓட்டை போடணும் மாமா. மட்டம் எறங்குனா காத்து பூந்து நின்னுடும்."

"ஓட்டையா? நானா? தண்ணி திரும்பி எறங்காம ஃபுட் வால்வு போட்டுடலாம்டா."

"பாசி புடிச்சா அது மூடாது மாமா."

டிரில்லைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். நானே போடுகிறேன் என்று கை நீட்டினேன், தரவில்லை. பிறகு கண்ணை இடுக்கிக்கொண்டு அவரே போட்டார்.

மறுபடி ஓடவிட்டு அணைத்தோம். ரெண்டு விரற்கடை இறங்கியது, களுக்கென்றது, நின்றுவிட்டது. டாக்டருக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. "எங்க வீட்டுக்கும் ஒண்ணு வெக்கணும். இவரையே அனுப்புங்க."

மாமா காதில் அது விழவே இல்லை. திரும்ப ஓடவிட்டதும் அந்த ஓட்டை வழியாகப் பீச்சிய தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடலூர் பஸ்ஸில் புதுச்சத்திரம் தாண்டியதும் மாமா என் கையைப் பிடித்தார்.

"வேல நல்லா முடிஞ்சுதுன்னு உங்க அக்காகிட்ட சொல்லு மச்சான். ஓட்டையப் பத்தி மட்டும் சொல்லிடாத."